டிக்கெட் எடுக்காத கிட்னி

என் அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். எங்கள் பக்கத்துச் சாலைகளில் ஒழுங்காக ஓடுகிற கார்கள் எல்லாம் அவளிடம் திட்டு வாங்கியவை, கண்டபடி ஓடுகிறவை திட்டு வாங்காமல் வளர்ந்தவை என்பது அவள் கட்சி. ஒரு சின்ன வெள்ளைக் கார் வைத்திருக்கிறாள். அதில் பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தாங்களே ஓட்டுவதாக நினைத்துப் பூரித்துப் போவார்கள். உண்மையில் முதல் சில வாரங்களுக்கு ஓட்டுவது அண்ணியின் கால்தான்.

அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆபத்து நெருங்க நெருங்க அவள் குரல் இறங்கும். லாரி எதிரே வந்தால் கிட்டத்தட்ட தாலாட்டு மாதிரி ஆகிவிடும். "ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடிச்சுக்காதீங்க சார், அது எங்கேயும் ஓடிப்போகாது" என்று ஒரு பெரிய மனிதரிடம் அவள் சொன்னதை நான் பின் இருக்கையிலிருந்து கேட்டிருக்கிறேன். என்னையும் கற்றுக்கொடுக்கிறேன் என்று கூட்டிப் போனாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, "உன்னை ரோட்ல விட்டா ஜனங்க பாவம்" என்று முடித்துவிட்டாள். நாத்தனார் என்ற சலுகை எல்லாம் கிடையாது. நான் இன்றைக்கும் வேலைக்கு பஸ்ஸில்தான் போகிறேன், ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார.

பஸ் என்றதும் என் அம்மாவைச் சொல்லியாக வேண்டும். அம்மா பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றது வேலைக்கு மட்டும்தான். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பாள், குழாயை இறுக்கிப் பார்ப்பாள், வருகிறவர்கள் செருப்பை எப்படி விடுகிறார்கள் என்று பார்ப்பாள். அண்ணன், அண்ணி, அம்மா மூவரும் மூன்றாம் மாடியில், நானும் என் கணவரும் இரண்டாம் மாடியில். காலையில் அம்மா கையால் டீ குடிக்க நான் மேலே ஏறிவிடுவேன்.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். சண்டை என்று எதுவும் கிடையாது, சண்டை போடக்கூடப் பேச வேண்டுமே. ஆம்பளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊரைச் சுற்றுகிற வேலை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அம்மாவுக்குப் பிடிக்காதது அண்ணிக்குத் தெரியும். இரண்டு பேரும் அடுப்படியில் நின்றால் பாத்திரங்கள்தான் பேசிக்கொள்ளும். நடுவில் என் அண்ணன் இருக்கிறானே, லிஃப்ட் மெக்கானிக், அவன் எப்போதும் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் மாதிரி ஒரு முகத்தோடு இருப்பான்.

அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்பது முதலில் அவள் ஷூவுக்குத்தான் தெரிந்தது. காலை நுழைத்தால் போகவில்லை. ஷூ சுருங்கிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாள். பிறகு முகமும் வீங்கியது. ஷூ சுருங்கினால் முகம் வீங்காதே, மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு கிட்னியும் அநேகமாகக் கடையைச் சாத்திவிட்டன என்றார்கள். எதனால் என்று கடைசி வரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அதன்பிறகு டயாலிசிஸ். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய், ஊசி குத்திய கையோடு படுத்து, ரத்தத்தை எல்லாம் ஒரு இயந்திரம் வழியாகச் சுற்ற விட்டு வருவாள். நடுவில் விழுந்த நாட்களில் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தாள். மெலிந்து, கறுத்து, தண்ணீரைக்கூட அளந்து குடித்துக்கொண்டு அவள் அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பாள். யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் ஒழிய இது இப்படித்தான் என்றார் டாக்டர். அண்ணிக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அவள் அம்மாவுக்கு சர்க்கரை. அண்ணனுக்கும் எனக்கும் ஏ குரூப் ரத்தம், அண்ணிக்கு பி, பொருந்தாது. அந்த ரத்தப் பரிசோதனை முடிவு தெரிந்த அன்று அண்ணன் ஏதோ ஒரு கட்டடத்து லிஃப்ட்டின் மேல்கூரையில் உட்கார்ந்து அழுதானாம். அவனுடைய கூட்டாளி சொன்னான்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் ஓ குரூப். யாருக்கும் கொடுக்கலாமாமே."

அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுத்தான்.

"ரெண்டு இருக்கு. ஒண்ணை வெச்சுக்கிட்டு நான் என்ன ஓட்டப்பந்தயத்துக்கா போகப் போறேன்?"

"அத்தை, கொஞ்சம் யோசிச்சு..." என்றாள் அண்ணி.

"யோசிச்சுட்டேன். நீ படுத்துட்டா இந்த வீட்ல நான்தான் நாள் பூரா சமைக்கணும்."

என் அம்மா அன்பைச் சொல்கிற விதம் இதுதான். பழகியவர்களுக்குப் புரியும், மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

பரிசோதனைகளில் அம்மா எல்லாவற்றிலும் தேறினாள். டாக்டரம்மா எங்கள் நால்வரையும் உட்கார வைத்துப் பேசினார். குள்ளமான, வேகமாகப் பேசுகிற பெண்மணி. கை ஓயாமல் காகிதத்தில் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டே இருப்பார்.

"வெட்டி வைக்கிறது எங்களுக்குப் பெரிய விஷயம் இல்ல. அதுக்கப்புறம்தான் விஷயமே இருக்கு. உடம்புல டி செல்னு ஒரு வகை வெள்ளை அணு இருக்கு. அதுங்க வேலை சுத்திக்கிட்டே இருக்கிறதுதான். உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லும், உள்ள என்ன நடக்குதுங்கிறதை ஒரு துண்டு வெளியில நீட்டிக் காட்டிக்கிட்டே இருக்கும். டி செல் அதைத் தொட்டுப் பார்க்கும். நம்ம ஆளா இருந்தா விட்டுடும். உள்ள கிருமி புகுந்திருந்தாலோ, வெளி ஆளா இருந்தாலோ விடாது. ஒரு வகை, கூப்பாடு போட்டு மத்ததை எல்லாம் கூப்பிடும். இன்னொரு வகை நேராப் போய்க் கொன்னுடும்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "செக்கிங்" என்றாள்.

"செக்கிங்கேதான்."

"எல்லாரும் டிக்கெட்டை நீட்டணும். இல்லாதவனை இறக்கிடும். நல்ல வேலைதான்."

அம்மா தன் சொந்தக்காரர்களைப் பற்றிக்கூட இத்தனை மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இதுங்களுக்கு யாரு சொல்லித் தர்றது, யாரு நம்ம ஆளு, யாரு இல்லைன்னு?" என்று கேட்டாள் அண்ணி. அவளுக்கு எதிலும் பயிற்சிதான் முதலில் கண்ணில் படும்.

டாக்டரம்மா தன் நெஞ்சுக்கு நடுவில் தட்டிக் காட்டினார். "எலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒரு சுரப்பி. அங்கதான் ஸ்கூல். சின்ன வயசுல நல்லா நடக்கும், வயசாக ஆகச் சுருங்கிடும். அதுக்குள்ள தேவையான ஆளுங்களைத் தயார் பண்ணி அனுப்பியிருக்கும். எதையும் அடையாளம் தெரியாததும் பெயில், சொந்த செல்லையே அடிக்கப் போறதும் பெயில். நூத்துக்கு ரெண்டு மூணு பாஸானா பெரிசு."

"மத்ததெல்லாம்?"

"அங்கேயே முடிச்சுடும்."

அண்ணி மெச்சுதலாகத் தலையாட்டினாள். "நான் திரும்ப வரச் சொல்லி அனுப்பிடுவேன்" என்றாள் என்னை ஒரு பார்வை பார்த்து. என் உயிர் தப்பியது யார் புண்ணியமோ.

"இப்ப உங்க மாமியார் கிட்னி உள்ள போகுது. அது உங்க மாமியாரோட டிக்கெட்டைத்தான் நீட்டும். உங்க டி செல்லைப் பொறுத்தவரை அது செல்லாது. சண்டைக்கு வரும்."

அம்மாவின் முகம் மாறியது. "என் கிட்னி டிக்கெட் இல்லாத கேஸா?"

"அப்படித்தான்மா."

"நானா கொடுக்கறேன். திருட்டுத்தனமா ஏறல."

"அது அதுங்களுக்குத் தெரியாதும்மா. உறவுமுறை எல்லாம் அதுங்களுக்குக் கிடையாது."

அம்மாவால் இதைச் சீரணிக்கவே முடியவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். வாழ்நாள் முழுக்க டிக்கெட் இல்லாதவர்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டவளுக்கு, தன் சொந்தக் கிட்னி அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது பெரிய அவமானமாகத்தான் இருந்திருக்கும்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அண்ணியின் அடிவயிற்றில் வலது பக்கமாக அம்மாவின் கிட்னி உட்கார்ந்து, வைத்த கொஞ்ச நேரத்திலேயே சிறுநீர் பிரிக்க ஆரம்பித்துவிட்டது. அம்மாவிடம் சொன்னபோது, வலியில் முனகிக்கொண்டிருந்தவள் கண்ணைத் திறந்து, "பின்ன? யாரோட கிட்னி" என்றாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது அண்ணிக்கு மாத்திரைகளைப் பற்றிப் பாடமே எடுத்தார்கள். டி செல்களை அடக்கி வைக்கிற மாத்திரை, காலையும் மாலையும் ஒரே நேரத்துக்கு, ஆயுசுக்கும். எங்களைக் கேட்காமல் வேறு எதையும் வாயில் போடக் கூடாது, கஷாயம், மூலிகை, சத்துப்பொடி எதுவும் கூடாது என்று கறாராகச் சொன்னார்கள். அந்தப் பாடம் நடந்தபோது அம்மா வேறு அறையில் தையலைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். இது முக்கியம்.

அண்ணி அந்த மாத்திரையைத் தன் வழியில் புரிந்துகொண்டாள். "இது என் பக்கத்து பிரேக்" என்றாள் என்னிடம். "ஓட்டறவன் ஓட்டட்டும், ஆனா என் கால் பிரேக் மேல இருக்கணும். விட்டா போய் இடிப்பான். ரொம்ப அழுத்தினா வண்டி நடு ரோட்டுல நின்னுடும், பின்னால வர்றவன் எல்லாம் ஏறிடுவான்." பின்னால் வருகிறவன் என்றது சளியை, காய்ச்சலை, ஊரில் உள்ள எல்லாக் கிருமிகளையும்.

ஆறு மாதத்தில் அண்ணி மறுபடி காரில் ஏறிவிட்டாள். முகத்தில் மாஸ்க், கார் கண்ணாடி எல்லாம் இறக்கி, தும்முகிறவர்களுக்கு அன்றைக்கு வகுப்பு ரத்து. வீட்டில் அம்மாவுக்குக் கொம்பு முளைத்திருந்தது. தன் பொருள் ஒன்றை வாடகைக்கு விட்டவள் மாதிரி தினமும் விசாரணை.

"என் கிட்னி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அத்தை."

"அதை வெயில்ல ரொம்ப நேரம் உட்கார வெக்காத. குண்டும் குழியுமா இருக்கிற பக்கம் கூட்டிட்டுப் போகாத."

சாயந்திரம் குப்பைக் கூடையில் கிடக்கிற காலி மாத்திரை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஒரு மாத்திரை குறையக் கூடாது, கூடக் கூடாது. அண்ணி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள். எனக்கே எரிச்சலாக வரும்.

மழைக்காலத்தில் அண்ணிக்குச் சளி பிடித்தது. விட்டது, மறுபடி பிடித்தது. மருத்துவமனையில், பெரிய ஆபத்து இல்லை, எதிர்ப்பு சக்தியை நாங்களே குறைத்து வைத்திருக்கிறோம், அதனால் வரத்தான் செய்யும், கவனமாக இருங்கள் என்றார்கள். அண்ணி வந்து வீட்டில் சொன்னாள். அதில் அம்மாவின் காதில் நின்றது ஒன்றே ஒன்றுதான். எதிர்ப்பு சக்தி குறைவு. குறைவு என்றால் கூட்ட வேண்டியதுதானே. குழாயில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போடுகிறோம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இதற்கு நடுவில் எங்கள் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. அம்மா அண்ணிக்கு டீ போட்டாள்.

வெளியாட்களுக்கு இது ஒன்றுமில்லாத விஷயமாகத் தெரியும். கல்யாணமான புதிதில் அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அண்ணி, "கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தி, எனக்கு வேணாம் அத்தை" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அன்றோடு சரி. அம்மா தனக்கும் அண்ணனுக்கும் எனக்கும் போடுவாள். அண்ணி பிறகு வந்து தனக்குப் போட்டுக்கொள்வாள். வருஷக்கணக்காக இப்படித்தான். கிட்னியைக் கொடுத்த பிறகும் டீயைக் கொடுக்கவில்லை. அதனால் அன்று காலை அம்மா நான்கு டம்ளர்களை வைத்து, ஒன்றைத் தனியாகக் கலக்கி அண்ணி முன்னால் நங்கென்று வைத்தபோது, அண்ணன் பேப்பரைக் கீழே இறக்கினான்.

"குடி. சளிக்குச் சூடா இறங்கட்டும்" என்றாள் அம்மா.

அண்ணி குடித்தாள். நெற்றி லேசாகச் சுருங்கியது. பிறகு சிரித்து, "நல்லா இருக்கு அத்தை" என்றாள். அம்மா அடுப்பைத் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள். அதன் பிறகு தினமும் அந்த டம்ளர். காலையில் என்னோடு மேஜையில் உட்கார்ந்து அண்ணி குடிப்பாள். இரண்டு பேரும் ஒரு வாக்கியம், இரண்டு வாக்கியம் என்று பேசவும் ஆரம்பித்தார்கள். எந்தப் பழகுகிறவன் எந்தக் கம்பத்தில் இடித்தான் என்று அண்ணி சொல்ல, அம்மா தன் பஸ் கதை ஒன்றை எடுத்துவிடுவாள். நான் மனதுக்குள், இந்த வீட்டுக்கு விடிவுகாலம் பிறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. கிட்னி சரியாகக் கழுவுகிறதா என்று காட்டுகிற எண் அது. ஏறினால் கிட்னி தடுமாறுகிறது என்று அர்த்தம். மறுபடி எடுத்தார்கள், இன்னும் ஏறியிருந்தது. உடனே படுக்க வைத்து, வயிற்றில் ஊசி விட்டு, கிட்னியிலிருந்து நூல் மாதிரி ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். அம்மாவின் கிட்னிக்குள் அண்ணியின் டி செல்கள் கூட்டமாக நுழைந்திருந்தன.

டாக்டரம்மா அறைக்கு வந்தபோது கட்டிலில் அண்ணி, ஓரமாக நான், நாற்காலியில் அம்மா. அண்ணன் கீழே மருந்து வாங்கப் போயிருந்தான்.

"ரத்தத்துல மருந்தோட அளவு பாதிக்கும் கீழ போயிருக்கு" என்றார் டாக்டரம்மா. அன்று அவர் வட்டம் போடவில்லை. "பிரேக்கே இல்லாம விட்ட மாதிரி இருக்கு. மாத்திரையை விட்டீங்களா?"

அண்ணி போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"உண்மையைச் சொன்னாதான் நான் ஏதாவது பண்ண முடியும். இப்படியே போச்சுன்னா இந்தக் கிட்னி போயிடும். மறுபடி டயாலிசிஸ்தான். விட்டீங்களா?"

அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆமா டாக்டர்" என்றாள். "கொஞ்ச நாளா நடுநடுவுல மறந்துட்டேன்."

குரல் இறங்கியிருந்தது. லாரி எதிரே வரும்போது இறங்குமே, அந்தக் குரல். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மறந்துட்டேன்னு எப்படிச் சொல்றீங்க? இந்த வயசுல இவங்க வயித்தை அறுத்து எடுத்துக் கொடுத்திருக்காங்க. அதுக்காவது ஒரு மரியாதை வேணாமா?"

மருமகளை இன்னொருவர் திட்டுகிறார். ஒரு காலத்தில் அம்மா இதற்கு டிக்கெட் வாங்கிக்கொண்டுகூட உட்கார்ந்து கேட்டிருப்பாள். இப்போது நாற்காலி கிறீச்சிட்டது. அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"பொய்."

"என்னம்மா?"

"அவ பொய் சொல்றா. ஒரு வேளைகூட விட்டதில்ல. காலி அட்டையை நான் தினம் எடுத்துப் பார்க்கறேன். ஒண்ணுகூடத் தப்பல. காய்ச்சல்ல கிடந்தப்பகூட மணி அடிச்சதும் எழுந்து போட்டுக்கிட்டா. அவளைப் போய்ச் சொல்லாதீங்க." அம்மா விரலை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் நின்று பேசுகிற அதே தோரணை. "வேலை பார்த்த காலம் பூரா செக் பண்ணினவ நான். என்னை ஒருத்தரும் ஏமாத்த முடியாது."

"அப்ப மருந்து எங்க போச்சு?" என்றார் டாக்டரம்மா. "போடறது போட்டும் ரத்தத்துல நிக்கலைன்னா வேற ஏதோ உள்ள போகுது. சில மூலிகை இந்த மருந்தை ரத்தத்துல நிக்கவே விடாது. கஷாயம் ஏதாவது? சத்துப்பொடி? எதிர்ப்பு சக்திக்குன்னு கடையில விக்கிறாங்களே, அந்த மாதிரி?"

"இல்ல டாக்டர், அதெல்லாம் எதுவும் இல்ல" என்றாள் அண்ணி, கேள்வி முடிவதற்குள்.

அம்மாவின் விரல் நீட்டியது நீட்டியபடி நின்றது. அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் கொடுத்தேன்" என்றாள் அம்மா. "டீல பொடியைக் கலந்து. சக்தி வரட்டும்னு."

அந்த ஒரு நிமிடத்தில் என் அம்மா கிழவியானதை நான் பார்த்தேன். கிட்னியை எடுத்தபோது ஆகவில்லை, அப்போது ஆனாள்.

டாக்டரம்மா அம்மாவைத் திட்டவில்லை. இப்போதாவது சொன்னீர்களே, இல்லாவிட்டால் நான் இங்கே மருந்தை ஏற்றிக்கொண்டே இருப்பேன், வீட்டில் அது இறங்கிக்கொண்டே இருக்கும் என்று மட்டும் சொன்னார். நரம்பு வழியாகப் பெரிய மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். அடங்கினால் அடங்கும், அடங்காவிட்டால் அதைவிடக் கடுமையானது ஒன்று இருக்கிறது, அதற்கும் அடங்காவிட்டால் கிட்னி இல்லை. பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள்.

அம்மா அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. சாப்பாடு வாங்கி வந்து கொடுத்தால், மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். மறுநாள் மதியம், மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும்போது, கடைசியில் வாயைத் திறந்தாள்.

"கசக்கலையா?"

"கசந்துது" என்றாள் அண்ணி.

"தெரிஞ்சுதா, ஏதோ போடறேன்னு?"

"மொத நாளே தெரிஞ்சுது."

"டாக்டர் கூடாதுன்னு சொன்னது?"

"தெரியும்."

"பின்ன ஏன் குடிச்சே?" அம்மாவின் குரல் உடைந்தது. "கீழ ஊத்த வேண்டியதுதானே. மூஞ்சியில ஊத்தியிருக்கலாமே."

அண்ணி மருந்துப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு தடவை வேணாம்னு சொன்னேன். அதுக்கப்புறம் நீங்க போடவே இல்ல. மறுபடி சொன்னா, மறுபடி நிறுத்திடுவீங்கன்னு குடிச்சேன்."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களை மும்முரமாகப் பார்த்தேன். பின்னால் அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் பேசியபோது பழைய அதிகாரம் பாதி திரும்பியிருந்தது.

"உன் டி செல்லுக்கு இருக்கிற தைரியம் உனக்கு இல்லையே. அது என்னைப் பார்த்துப் பயப்பட்டுதா? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு நேரா வந்து நிக்குது. நீ உயிரை விட்டுட்டு நல்லா இருக்கு அத்தைங்கறே."

அண்ணி சிரிக்கப் பார்த்தாள். ஊசி விட்டுத் துணுக்கு எடுத்த இடத்தில் வலித்திருக்க வேண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே எங்கிட்ட எதுவா இருந்தாலும் சொல்லு" என்றாள் அம்மா. "நான் கோவிச்சுப்பேன். கோவிச்சுக்கிட்டுப் போறேன், உனக்கென்ன? நாலு நாள்ல வந்துடப் போறேன்."

மருந்து ஏற்றி முடித்த பிறகும் எண் அசையவில்லை. மறுநாள் துளி இறங்கியது, தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று சந்தேகப்படும் அளவுக்கு. அதற்கடுத்த நாள் நிஜமாகவே இறங்கியது. டாக்டரம்மா வந்து, ஒரு காகிதத்தை எடுத்து, வட்டம் போட ஆரம்பித்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு மூச்சு வந்தது. கொஞ்சம் அடி பட்டிருக்கிறது, பழைய எண்ணுக்கு முழுதாகத் திரும்பாது, ஆனால் கிட்னி நிற்கும் என்றார். பொடி, கஷாயம் என்று அவர் மறுபடி ஆரம்பிப்பதற்குள் அம்மா, "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

டாக்டரம்மா போன பிறகு அறை லேசாகிவிட்டது. அண்ணன் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கி வந்தான். அத்தனை நாள் கண்ணை மூடாத அம்மா, நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிப் போனாள். அவள் குறட்டையைப் பற்றி நான் சொல்லவில்லை, சொன்னாலும் நம்பமாட்டீர்கள். பக்கத்து அறை நர்ஸ் ஒருத்தி வந்து, இயந்திரம் எதுவும் பழுதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அண்ணி கொஞ்ச நேரம் பொறுத்தாள். தலையணையைக் காதில் வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், நான் தோளைக் குலுக்கினேன். வாயைத் திறந்து மூடினாள். பிறகு கையை நீட்டி அம்மாவின் முழங்காலைத் தட்டினாள்.

"அத்தை."

அம்மா பதறி எழுந்தாள். "என்ன? வலிக்குதா?"

"இல்ல." அண்ணி எச்சில் விழுங்கிக்கொண்டாள். கிட்னி போய்விடும் என்று சொன்னபோதுகூட அவள் முகத்தில் அத்தனை பயத்தை நான் பார்க்கவில்லை. "நீங்க குறட்டை விடறீங்க. என்னால தூங்க முடியல. வெளிய போய்த் தூங்குங்க."

அண்ணன் வாயில் பிஸ்கட் அப்படியே இருந்தது. அம்மா மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் சிவந்தது. உதடு இறுகியது. பழைய அம்மா எழுந்து வருகிறாள் என்று நான் நினைத்தேன்.

"நானா குறட்டை விடறேன்?" என்றாள்.

"ஆமா."

அம்மா புடவையை உதறிக்கொண்டு எழுந்து, அண்ணியின் கன்னத்தை அழுத்தி ஒரு கிள்ளு கிள்ளி, நாற்காலியை இழுத்துக்கொண்டு வெளியே போய் வராந்தாவில் போட்டு உட்கார்ந்தாள். கதவைத் தானே சாத்திவிட்டுத்தான் போனாள்.